உன் பெயரில் நான் எழுதிய பரீட்சை

அருளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்ற வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ உன் மனைவி ரீட்டாவுக்குப் போன் போட்டு என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பாய். என்னிடம் கேட்க மாட்டாய். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அப்படித்தான் நடக்கிறது. அவள் "மாமா பக்கத்துலதான் இருக்காவ" என்கிறாள், நீ பேச்சை வேறு பக்கம் திருப்புகிறாய், நான் சுவரில் தொங்கும் காலண்டரை அதில் ஏதோ ராணுவ ரகசியம் அச்சாகியிருப்பதுபோல உற்றுப் பார்க்கிறேன். ஆகவே எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை நம் மாவட்டத்து ராணுவக் குடும்பங்கள் போடும் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். பிள்ளையின் பெயரில் புத்திசாலித்தனம் காட்ட நினைக்கும் தகப்பன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மலரைப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று தெரிய வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன். என் பாட்டனார் முத்துக்குளிக்கக் கடலுக்கடியில் மூச்சடக்கியவர். நான் சுங்க அலுவலக வராந்தாவில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும்வரை மூச்சடக்கியவன். இரண்டில் எது கடினம் என்று அவரைக் கேட்க வழியில்லை, ஆகவே என்னுடையது என்றே வைத்துக்கொள்வோம். நான் எழுதிக் கொடுத்த காகிதங்களை அடுக்கி வைத்தால் கலங்கரை விளக்கம் அதை அண்ணாந்து பார்க்கும். எங்கள் வேலையின் சூத்திரம் ஒன்றுதான்: சரக்கின் சொந்தக்காரர் ஹாங்காங்கில் தூங்குவார், அவர் பெயரில் நான் இங்கே விழித்திருப்பேன். அவருக்காக எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன், கேள்வி கேட்டால் அவர் வாயாகவே பதில் சொல்வேன். அவர் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. இப்படி முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களாக வாழ்ந்தவனுக்கு, சொந்த மகனாக ஒரு மணி நேரம் இருப்பது குற்றமாகப் படவில்லை. அங்கேதான் கதை கோணிக்கொண்டது.

போன அக்டோபரில் நீ விடுமுறையில் வந்தபோது, கையில் போனை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய். "என்னலே எழுதுத?" என்று கேட்டேன். "ஆன்லைன்ல டிகிரி படிக்கேன்பா. இது கடைசி வருசம். லாஜிஸ்டிக்ஸ்." அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, "நீங்க இத்தன வருசம் பாத்த வேலதான்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது. துறைமுகத்தைப் பத்தடியில் வைத்துக்கொண்டு, பனிமலையில் உட்கார்ந்து போனில் துறைமுகம் படிக்கிற பிள்ளையை உலகம் அதுவரை கண்டிருக்காது. நீ சிரிக்கவில்லை. "பட்டாளத்துல பதினேழு வருசம் முடிச்சு இறங்குதவங்கள எங்கன உக்கார வைக்காவன்னு பாத்திருக்கியளாப்பா?" என்றாய். "ஏடிஎம் வாசல்ல. நகைக்கடை வாசல்ல. அந்த நீலச் சட்டையும் பிளாஸ்டிக் நாற்காலியும் எனக்கு வேண்டாம்." உன் சேவை இந்த டிசம்பரில் முடிகிறது. கன்டெய்னர் யார்டு நடத்தும் காயல்பட்டினத்துக் காதர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: பட்டத்தோடு வந்தால் ஜனவரியில் உனக்கு சூப்பர்வைசர் வேலை. எல்லாம் கச்சிதமாக இருந்தது. நான் ஒருவன் கையை வைக்காமல் இருந்தால் போதும்.

நீ இருக்கும் இடத்தில் ஒரு பாடத்தின் வீடியோ திறப்பதற்குள் பனி உருகிவிடும் என்று சொன்னாய். ஆகவே உன் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தாய். பாடங்களை நான் இங்கே இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி, விடுமுறை முடிந்து திரும்பும் உன் தோழர்கள் யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டும். செய்தேன். செய்ததோடு நிற்காமல் அத்தனை பாடங்களையும் நானும் பார்த்தேன். கப்பலில் வரும் சரக்கைப் பற்றி அந்தப் பேராசிரியர் பேசிய அழகைக் கண்டு நான் திரையோடு சண்டை போட்டதில் பக்கத்து வீட்டார் நம் வீட்டில் பாகப்பிரிவினை என்று நினைத்துவிட்டார்கள். போகும்போது நீ ஒன்று சொன்னாய். "பாடத்த மட்டும் இறக்குங்க. பரீட்ச பக்கம் எட்டிப் பாக்காதீங்க." நான் சொன்னேன், "எனக்கென்னலே வேற வேல இல்லையா?" இல்லை என்பதை நாம் இருவருமே அறிவோம், நான் ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது.

மார்ச்சில் அந்தப் பரீட்சை வந்தது. ஏற்றுமதி இறக்குமதி நடைமுறைகள் என்ற தாள். நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம், வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா கிடையாது. ஒரு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், ஞாயிறு மாலை ஐந்து மணியோடு மூடிவிடும். பக்கத்தைத் திறந்தால் மேலே சிவப்பு எழுத்தில் மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையிலிருந்தே பார்த்தேன், நீ எழுதவில்லை. செவ்வாய், புதன், எழுதவில்லை. உன் போன் எடுக்கவில்லை. மலைமேல் காவலுக்குப் போகிறேன், பத்து இருபது நாள் பேச முடியாது என்று நீ ரீட்டாவிடம் சொல்லியிருந்தாயாம். ஞாயிறு காலைப் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் காதில் சிவப்பு எழுத்துகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. ரீட்டா ஒரு துக்க வீட்டுக்காகத் தருவைகுளம் போயிருந்தாள், தடுக்க ஆள் இல்லை. காகிதம் நேரத்துக்குப் போகாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடந்து அழுகும் என்பது என் ரத்தத்தில் ஊறியது. மூன்று ஐம்பதுக்கு உன் பெயரை அழுத்தினேன். நான் நீயானேன்.

இதில் சொல்ல வெட்கப்பட வேண்டியது, நான் பெயில் ஆனேன் என்பது. என் சொந்தத் தொழிலில், முப்பத்தெட்டு வருட ராஜ்யத்தில், நாற்பதுக்குப் பதினான்கு. தேற வேண்டியது பதினாறு. சரக்கு தாமதமானால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு கேள்வி. நேரில் போய்ப் பேசுவது என்று நான் போட்டேன். உலகத் துறைமுகங்கள் அத்தனையும் அப்படித்தான் ஓடுகின்றன. எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பது என்பதுதான் சரியான விடையாம்.

செவ்வாய்க்கிழமை, நீ சேர்ந்திருக்கும் படிப்பு மையத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா போன் செய்தார். அமைதியான குரல். அந்தக் குரலுக்கு நான் பயந்த அளவுக்குப் புயல் எச்சரிக்கைக் கொடிக்கும் பயந்ததில்லை. "அருளோட அப்பாவா? அவர் பரீட்ச எழுத முடியாத இடத்துல இருக்காருன்னு அவரோட கமாண்டிங் ஆபீசர் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே லெட்டர் அனுப்பிட்டாரு. ஏப்ரல்ல தனித் தேதி குடுத்தாச்சு. ஆனா ஞாயித்துக்கிழம அவரு எழுதியிருக்கறதா காட்டுது. தூத்துக்குடியில இருந்து." அவர் தொடர்ந்தார். "ஒண்ணு, வேற ஆளு எழுதியிருக்கணும். இல்லன்னா அவரு ஊர்ல இருந்திருக்கணும், ஆபீசர் லெட்டர் பொய்யா இருக்கணும். விளக்கம் வேணும் சார்." ராணுவத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. முன்கூட்டி அதிகாரியின் கடிதம் போனால் தேதியைத் தள்ளித் தருவார்கள். நீ உன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு மலையேறியிருக்கிறாய். இதைப் படிக்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, பிள்ளை பரீட்சை எழுதவில்லை என்று பதறினால் படிப்பு மையத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஒரு நிமிடம் ஆகும். நான் அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தேன்.

பிறகு நான் செய்ததைக் கேள். வேறு ஆள் எழுதினான் என்றால் உன் பட்டம் போகும் என்று கணக்குப் போட்டு, மறுநாளே ஒரு விளக்கம் எழுதினேன். அதன் நடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது ஒரு காவியம். அவசரக் குடும்பக் காரணத்துக்காக என் மகன் இரண்டு நாள் வீட்டுக்கு வந்திருந்தான், அப்போது அவனே எழுதினான், பதற்றத்தில் மதிப்பெண் குறைந்தது என்று முடித்திருந்தேன். கொண்டுபோய் மையத்தில் கொடுத்துவிட்டு, உலகத்தைக் காப்பாற்றியவன்போல வீட்டுக்கு வந்து ரீட்டாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த மீன்சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, அத அவங்க என்ன செய்வாங்க?"

"ஃபைல்ல போடுவாவ."

"யூனிட்டுக்கு அனுப்பி, உண்மையான்னு கேப்பாங்க. மலையிலதான் இருக்கான்னு ஆபீசர் எழுதியிருக்கையில, லீவு இல்லாம போஸ்ட்ட விட்டு வீட்டுக்கு வந்தான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அதுக்கு அங்க என்ன பேரு தெரியுமா? பட்டம் போனாப் போவுது மாமா. பென்ஷன் போயிரும். ஆள உள்ள வப்பாங்க."

மையத்துக்குப் போன் செய்தேன். மாலை நாலு மணித் தபாலில் உன் யூனிட்டுக்கு அனுப்பப்போவதாக ஒரு பையன் சொன்னான், போனை வைத்தான். அப்போது மூன்று பத்து. ஸ்கூட்டரை எடுத்தேன். துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் வால் தெரியாமல் நின்றன. சந்துகளில் புகுந்து வந்தால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில் அன்று ஆடி அசைந்து போனது. ஐம்பத்தெட்டு பெட்டி, எண்ணினேன். ஒவ்வொரு பெட்டியிலும் உன் பதினேழு வருடத்தை ஏற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு மையத்துக்குள் ஓடினேன். கவர் மேசைமேல் இருந்தது, இன்னும் ஒட்டவில்லை.

"அதக் குடுங்கம்மா, கிழிச்சுப் போட்டுருவோம்" என்றேன்.

அவர் என் கடிதத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். வந்த தேதியோடு முத்திரை விழுந்திருந்தது. "நீங்க காகிதத்துலயே இருந்தவருன்னு இதக் குடுக்கும்போது சொன்னீங்க. சீல் விழுந்தத யாராவது கிழிப்பாங்களா சார்?"

கிழிக்க மாட்டார்கள். நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். முதல் கடிதத்தை ரத்து செய்ய இரண்டாவது கடிதம்தான் வழி. நின்றபடியே எழுதினேன். நான் எழுதினேன் பரீட்சையை, என் மகன் ஊரில் இல்லை, அதிகாரியின் கடிதம் உண்மை. அந்த அம்மா படித்துவிட்டு, "பாஸ்வேர்டு அவரே குடுத்தாரா?" என்று கேட்டார். ஆம் என்றால் என்ன என்று கேட்டேன். மாணவரே கொடுத்திருந்தால் அது அவர் குற்றம், அந்தத் தாள் ரத்து, அடுத்த வருடம்தான் எழுதலாம். அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை மட்டும் செல்லாது, ஏப்ரல் தேதி அப்படியே இருக்கும். நான் பேனாவைத் திரும்ப வாங்கி, அவனுடைய நோட்டிலிருந்து அவனுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

ஏன் இப்படிப் பதறினேன் என்று நீ கேட்கலாம். கேட்க மாட்டாய், தெரியும். நான் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்த வருடம், கல்லூரி விண்ணப்பத்தை அழகான கையெழுத்தில் நிரப்பி என்னிடம் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். என் தோல்பையில் வைத்தேன். அன்று ஒரு கப்பலில் பருப்பு மூட்டைகள் நனைந்துவிட்டன. யாருடையதோ பருப்பு, பெயர்கூட மறந்துபோயிற்று. இரவுவரை அந்தப் பருப்புக்காகக் காகிதம் எழுதினேன். திங்கட்கிழமை பையைத் திறந்தபோதுதான் உன் விண்ணப்பம் கையில் தட்டுப்பட்டது. உன்னிடம், "சீட்டெல்லாம் நெறஞ்சு போச்சாம்லே" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். இரண்டு மாதம் கழித்து ஆள் எடுக்கும் மைதானத்தில் ஓடி, தேறி, ரயிலேறிவிட்டாய். சீட்டு நிறையவில்லை அருள். நான் கொடுக்கவில்லை. உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமலே அவளைக் கல்லறைக்கு அனுப்பிவிட்டேன். ஊர்க்காரன் சரக்குக்கெல்லாம் நேரத்துக்குக் காகிதம் கொடுத்தவன் உனக்கு ஒன்றைத் தவறவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நெருங்கியபோது எனக்குக் கண் தெரியவில்லை. இது சாக்கு இல்லை, நடந்தது.

என் இரண்டு கடிதங்களின்மேல் மையம் வைத்த விசாரணை வீடியோவில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியாது. மையத்தில் ஒரு பெரிய திரை. விசாரணைக் குழுவினர் மூன்று பேர் ஒரு கட்டத்தில், நீ ஒரு கட்டத்தில். சிக்னல் உள்ள இடத்துக்கு இறங்கி வர ஒன்றரை நாள் நடந்தாய் என்று பிறகு ரீட்டா சொன்னாள். முகத்தில் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் உன் அதிகாரி உட்கார்ந்திருந்தார், உன்னைவிட வயது குறைந்தவர். படம் நின்று நின்று வந்தது. குழுத் தலைவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "பாஸ்வேர்ட உங்களுக்குத் தெரியாம நோட்டுல இருந்து எடுத்ததா உங்க அப்பா எழுதியிருக்காரு. சரிதானா?" என்று கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அடுத்த வாரம் பரீட்சை, ஜூனில் பட்டம், ஜனவரியில் வேலை. திரையில் உன் முகம் உறைந்துபோயிருந்தது. சிக்னல் போய்விட்டதா, நீதான் அசையாமல் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம்னு சொல்லுலே என்று மனசுக்குள் நான் போட்ட கூச்சல் மணப்பாடு வரை கேட்டிருக்கும்.

"இல்ல சார்" என்றாய். "நான்தான் குடுத்தேன். பாடம் இறக்கதுக்குக் குடுத்தேன். பரீட்சைக்கு இல்ல. ஆனா குடுத்தது நான்."

உன் அதிகாரி உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் முன்னால் இருந்த கோப்பை மூடினார், அவ்வளவுதான். நான் எழுந்தேன். யாரும் என்னை எழச் சொல்லவில்லை. "அவன் சொல்லுததுதான் சரி. நான் எழுதின கடைசி வரி பொய்" என்றேன். தலைவர் எழுதிக்கொண்டார். தாள் ரத்து, அடுத்த வருடம்தான் மறுபடி. அதிகாரியின் கடிதம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்று பதிவானது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உன்னைக் கேட்டார்கள். அடுத்த வருடப் பாடத்திட்டம் மாறுமா என்று மட்டும் கேட்டாய். என் பக்கம் பார்க்காமல் கட்டம் இருண்டது. உன் பெயரில் நான் மூன்று முறை பதில் சொன்னேன், மூன்றும் உன்னைக் குழியில் தள்ளின. நீ ஒரே ஒரு முறை உன் வாயால் சொன்னாய். அது உனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆனாலும் அந்த அறையில் எல்லோரும் நம்பிய ஒரே பதில் அதுதான். தகப்பன் மகனுக்கு அறிவுரை சொல்லும் கடிதம் இது என்று நினைத்துத் தொடங்கினேன். என்னிடம் சரக்கு இருப்பு இல்லை.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. நேற்றுக் காதர் காக்காவின் யார்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஜனவரிக்கு எனக்கு ஆளு வேணுமே" என்றார். "ஒண்ணு செய்வோம். பட்டம் வார வரைக்கும் கேட்ல செக்யூரிட்டியா உக்காரட்டும். ஆறு மாசம்தான. ஜூன் மாசம் நான் உள்ள கூப்பிட்டுக்கிடுதேன். என்ன சொல்லுதிய?"

நீ வேண்டாம் என்ற அதே நாற்காலி. என் நாக்கில் இரண்டு பதில்கள் ஒரே நேரத்தில் வந்து முட்டின. ஆறு மாதம்தானே, சரி என்று ஒன்று. என் மகனை வாசலில் உட்கார வைக்க உமக்கு என்ன தைரியம் என்று மற்றொன்று. இரண்டையும் விழுங்கினேன்.

"அவன்கிட்டயே கேளுங்க காக்கா."

"அவனுக்காக நீங்கதான எல்லாம் பேசுத ஆளு?"

"இத அவன் பேசுவான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்றார். அவருடைய எண்ணை ரீட்டாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ சரி என்றாலும் முடியாது என்றாலும் அவரிடமே சொல். ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை.

என் எண் மாறவில்லை.

அப்பா